என் நிறத்தில் ஒரு கால்

எனக்குச் செய்து கொடுத்த கால் நல்ல கால்தான். குறை சொன்னால் வாய் அழுகிவிடும். முழங்காலுக்குக் கீழே கச்சிதமாகப் பொருந்தியது, கனமும் இல்லை, நடந்தால் சத்தமும் இல்லை. நிறம்தான் என்னுடையது இல்லை.

கெண்டைக்கால் பகுதி முழுக்க பைபர்கிளாஸ். வார்க்கும்போதே அதில் கலரைக் கலந்துவிடுவார்களாம். அவர்கள் கலந்திருந்தது தேநீரில் நனைத்த பிஸ்கட்டின் வெளுத்த கலர். அடியில் மாட்டிய ரப்பர் பாதம் மட்டும் ஓரளவுக்குப் பழுப்பாக இருந்தது. பாதம் ஓர் ஊர், கெண்டைக்கால் இன்னோர் ஊர்.

"தம்பி, இது யாரோட காலு?" என்று அளவெடுத்தவரிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் இதே கலர்தான்க்கா. மேல சேலை மூடிக்கும் லா," என்றார்.

மூடிக்கொண்டுதான் இரண்டு வருஷம் ஓட்டினேன். சர்க்கரை எடுத்துக்கொண்டது இடது காலை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது அதற்கும் முன்னால். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை. ஆப்பரேஷனுக்கு வந்தவன் லீவு முடிந்ததும் திரும்பிப் போனான். போகாமல் என்ன செய்வான்? பீடோங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் டிவியும் மிஞ்சினோம். டிவிதான் அதிகம் பேசும்.

வெளியே போவதை நிறுத்தியதற்குக் காரணம் நடக்க முடியாதது இல்லை. செருப்பு. நம் ஆட்கள் வீட்டுக்கு எங்கே போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். கோயிலில் கேட்கவே வேண்டாம். படியேறும்போது சேலையைக் கொஞ்சம் தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்கினால் அந்தப் பிஸ்கட் கால் எட்டிப் பார்க்கும். சுங்கை லாலாங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அப்படித்தான் எட்டிப் பார்த்தது. ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். பிறகு எல்லோரும் என்னோடு குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், சாகக் கிடக்கிறவளிடம் பேசுவதைப் போல. சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் மடிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றாகத்தான் நடத்தினார்கள். நான்தான் பாதியிலேயே தட்டை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அழைப்பு வந்தால், "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் அழைப்பும் குறைந்துவிட்டது.

இப்படி இருந்தபோதுதான் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் பெண்டாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பம். தாலி இல்லாதவள் மணமேடையில் உட்காரலாமா என்று யாராவது கிளப்புவார்கள் என்று நான் பயந்திருந்தேன். சம்பந்தியம்மா போனிலேயே, "அதெல்லாம் யாரு பாக்குறா அண்ணி, நீங்க உட்காராம வேற யாரு உட்காருவா?" என்று முடித்துவிட்டார். நல்ல மனுஷி. தடை வந்தது என் வீட்டிலிருந்துதான்.

"அம்மா, நீ வீல்சேர்ல உட்காந்துக்க. பாத பூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும்," என்றான் மகன்.

"உன்னப் பெத்தது யாரு, பெரியம்மாவா?"

"அதுக்கில்லம்மா. தாம்பாளத்துல கால வைக்கணும். சேலையத் தூக்கணும். மண்டபம் பூரா பாக்கும். வீடியோ வேற எடுப்பாங்க. உனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நான்தான் உட்காருவேன்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு அழுதேன். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் கோபத்தோடு போயிருக்கும். மெய்யாக இருந்ததால்தான் அழுகை வந்தது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. அவன் வேறொருத்தி காலைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு வீல்சேரில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். அந்தக் கால் என் காலாகத் தெரிய வேண்டும்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் பொருள் சோதிக்கும் வேலை பார்த்தவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே கீறல், கறை, நிற மாற்றம், எது இருந்தாலும் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். கூட வேலை செய்த பெண்கள் எனக்கு வைத்த பெயரே 'ரிஜெக்ட் அக்கா'. அந்தக் கண் இன்னும் எனக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு காலுக்குப் பெயிண்ட் அடிக்க முடியாதா என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதுதான்.

சுங்கை பட்டாணியில் கார் பெயிண்ட் விற்கும் கடைக்கு வாடகைக் கார் பிடித்துப் போனேன். கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே, வயதானவர், முன்னால் வண்ண அட்டைகள் விசிறி விசிறியாகக் கிடந்தன.

"கெரெத்தா அப்பா, ஆன்ட்டி?" என்றார். எந்தக் கார் என்று கேட்கிறார்.

"கார் இல்ல தவுக்கே," என்று மலாயில் சொல்லி, பாவாடையை ஒரு சாண் தூக்கிக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். உச்சுக் கொட்டவில்லை. விரலால் தட்டிப் பார்த்தார், 'டொக்' என்றது. "பைபர்," என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அந்தக் காலைச் சரக்காகப் பார்த்த முதல் ஆள் அவர். எனக்கு அது என்னவோ ஆறுதலாக இருந்தது.

உலகத்தில் எத்தனை பழுப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காப்பி, வெண்கலம், ஈர மண், கருகிய சீனி. முக்கால்வாசியில் மினுமினுப்புத் தூள் கலந்திருந்தது. வெயிலில் கார் ஜொலிப்பதற்காகவாம். நான் ஜொலித்து எங்கே போகப் போகிறேன்? தயாராக வரும் டப்பாக்களில் 'தோல் நிறம்' என்று போட்டிருந்த ஒன்றைத் தவுக்கே எடுத்து வைத்தார். அதே பிஸ்கட். எவன் தோலோ! கடைசியில் கலந்து ஸ்பிரே டப்பாவில் அடைத்துத் தருகிறேன், கையைக் காட்டு என்றார். மேசைமேல் கையை நீட்டினேன். அட்டையைக் கைமேல் வைத்து வைத்துப் பார்த்தார். கடை விளக்கில் தெரியும் நிறம் வேறு, வெளிச்சத்தில் தெரியும் நிறம் வேறு என்று எனக்குத் தெரியும் என்பதால், அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் கையோடு சேர்த்துப் பார்த்தேன். பொருந்தியது. எனக்கு ஒரே பெருமை.

கலர் டப்பா, அதற்கு முன்னால் அடிக்க சாம்பல் நிற அடிப்பூச்சு, கடைசியில் அடிக்க நிறமும் மினுக்கும் இல்லாத கிளியர் பூச்சு, உப்புத்தாள், ஓட்டை அடைக்கக் கொஞ்சம் பட்டி. எல்லாவற்றையும் பையில் போட்டு, "நன்றாகத் தேய். சோப்புப் போட்டுக் கழுவு. எண்ணெய் படக் கூடாது," என்று தவுக்கே மூன்று விரலை மடக்கிச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் காலை கார் நிறுத்தும் போர்ட்டிக்கோவில் கடையைப் பரப்பினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் காலைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் நான் ஊன்றுகோலில். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் காலை நிறுத்தினேன். என்னை விட்டுவிட்டு அது தனியாக நின்றுகொண்டிருந்தது. பார்க்க விருந்துக்கு வந்தவர் மாதிரி இருந்தது. "உட்காருங்க," என்றேன். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது இப்படித்தான், சட்டி பானையோடெல்லாம் பேச்சு வந்துவிடுகிறது.

மேலே என் துண்டுக்கால் நுழையும் குழிக்குள் பெயிண்ட் போகாமல் பிளாஸ்டிக் பையைத் திணித்தேன். ரப்பர் பாதத்தைப் பேப்பரால் சுற்றி டேப் ஒட்டினேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பைபரின் மேல் பளபளப்பு போய் மங்கலானால்தான் பெயிண்ட் பிடிக்கும். அதற்காக ஆவேசமாகத் தேய்த்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நூல் வெளியே வந்துவிடும். ஓரிடத்தில் ஆவேசமாகத்தான் தேய்த்துவிட்டேன். அன்று முழுக்கக் கையில் அரிப்பு, கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல. குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தன. பட்டியால் அடைத்துத் திரும்பத் தேய்த்தேன். சாம்பல் பூச்சு அடித்துக் காயவைத்தபோது அது பிஸ்கட்டும் இல்லை, நானும் இல்லை, யாருடையதும் இல்லாத ஒரு கால். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை கலரை அடித்தேன். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கை ஓட்டத்தில் இடமிருந்து வலம். அடித்து முடித்த கையோடு பெயிண்ட் அங்கங்கே வட்டம் வட்டமாக விலகி ஓடியது. மீன் கண் மாதிரி, உள்ளே சாம்பல் தெரிந்தது. தவுக்கே கெட்ட பெயிண்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரை மனதாரத் திட்டினேன். திட்டிக்கொண்டே கையைத் துடைத்தபோது மணம் வந்தது. தேங்காயெண்ணெய். காலையில் எழுந்ததும் துண்டுக்காலுக்கு எண்ணெய் போட்டு நீவுவது என் வழக்கம். இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். நீவிய கையோடுதான் காலைத் தூக்கி வாளிமேல் வைத்திருக்கிறேன். என் ஐந்து விரலும் அப்படியே பெயிண்டில் தெரிந்தன. தவுக்கேயிடம் மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன். துடைத்து, தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் காலையும் கையையும் இரண்டு முறை கழுவி, மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது முறை மாசு மருவில்லாமல் வந்தது. காய்ந்ததும் மாட்டிக்கொண்டு, பாவாடையை முழங்கால்வரை தூக்கி, இரண்டையும் ஜோடியாக நீட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். ரிஜெக்ட். இடது கால் நல்ல கறுப்பு, வலது கால் மாநிறம்.

என் கையும் காலும் ஒரே நிறம் இல்லை என்பது ஐம்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்து வெயில் குடித்த கை அது. காலோ சிலுவார் கால்சட்டைக்குள் நிழலிலேயே இருந்திருக்கிறது. இதில் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். இந்த இரண்டு வருஷமும் போன காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, இருக்கிற காலை ஒருநாள்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அது பாட்டுக்கு இரண்டு கால் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குதிகாலில் வெடிப்பு, சின்ன வயதில் எஸ்டேட் செம்மண் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, நரம்பு முடிச்சு. அன்றைக்குத்தான் அதற்கும் எண்ணெய் போட்டு நீவினேன்.

தவுக்கேயிடம் திரும்பப் போனேன். இரண்டு காலையும் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். இந்தத் தடவை கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்து, வலது கால் பக்கத்தில் அட்டையைப் பிடித்துப் பார்த்து, மஞ்சளும் வெள்ளையும் கொஞ்சம் கூட்டிக் கலந்து கொடுத்தார். போவோர் வருவோர் பார்த்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது முறை அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹார்ன் சத்தம். பார்சல் கொண்டுவந்தவர். கேட்டில் பூட்டு, என் கால் வாளிமேல் ஈரமாக நிற்கிறது, ஊன்றுகோல் சுவர் ஓரம். "துங்கு! துங்கு!" என்று கத்தினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. ஊன்றுகோலை எட்டி எடுத்து நான் எழுவதற்குள் பார்சலைக் கேட்டுக்கு மேலாக எறிந்துவிட்டு அவர் போய்விட்டார். அவருக்கு ஆயிரம் வீடு. ஆனாலும் அந்த மோட்டார் சத்தம் முனை திரும்பி மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வாரம் என் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் அவர்தான்.

பார்சலை மகன்தான் அனுப்பியிருந்தான். உள்ளே முழங்கால்வரை போடும் காலுறை, இரண்டு ஜோடி, 'தோல் நிறம்'. நான் சொல்லவே வேண்டாம் என்ன நிறம் என்று. 'கல்யாணத்தன்று போட்டுக்கம்மா' என்று போனில் செய்தியும் வந்திருந்தது. பாத பூஜையில் காலுறை போட்ட காலையா கழுவுவான்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, கடை கடையாகத் தேடியிருப்பானே என்றும் தோன்றியது.

அந்தக் கலரை மெல்லியதாக அடித்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பெயிண்ட் அடிப்பவர்களுக்காகவே சொன்னதாக இருக்க வேண்டும். ஒரே மூச்சில் கெட்டியாக அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும். ஒரு பூச்சு, காயவிடுவது, இன்னொரு பூச்சு. காயும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை, எங்கும் போவதற்கில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவார்கள், கேட் திறக்கும், சாத்தும், சாப்பாட்டு வாசம் வரும். ஒரு வீட்டுக்குள் பல பேர் இருந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கடைசியில் மினுக்காத கிளியர். அது காய்ந்ததும் பூச்சு பெயிண்டாகத் தெரியவில்லை, தோலாகத் தெரிந்தது. காலை வெளிச்சத்தில் பார்த்தேன், மத்தியான வெயிலில் பார்த்தேன், சமையலறை விளக்கில் பார்த்தேன். ரப்பர் பாதத்தின் பழுப்பும் அதோடு ஒட்டிப்போயிருந்தது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "நான்தான் உட்காருவேன். பெரியம்மாகிட்ட சொல்லிரு," என்றேன். "சரிம்மா," என்றான்.

சுங்கை பட்டாணியில் மண்டபம். மேடைப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினேன். மகன் கை கொடுத்தான், பிடித்துக்கொண்டு ஏறினேன். பாத பூஜைக்கு நாற்காலி போட்டு, பித்தளைத் தாம்பாளம் வைத்தார்கள். அவன் அப்பாவுடைய படம் பக்கத்து நாற்காலியில். நானே சேலையைக் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தூக்கி இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தேன். அதை நான் ஒத்திகை பார்த்திருந்தேன். முன்வரிசையில் இருந்த பெண்வீட்டு அம்மாள் ஒருத்தியின் பார்வை என் காலில் விழுந்தது. விழுந்து, அப்படியே நகர்ந்து நகைக்குப் போய்விட்டது. அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

மகன் தண்ணீர் ஊற்றினான். பால் ஊற்றினான். வலது காலில் சில்லென்று இறங்கியது. இடது காலில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, பூப் போட்டான். ஐயர் விழச் சொன்னார். மருமகள் என் வலது பக்கம், அவன் இடது பக்கம். அவள் விரல் நுனி என் பாதத்தில் பட்டும் படாமலும் பட்டது. அவன் அந்தக் கெண்டைக்காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது.

தெரிந்தது, அவ்வளவுதான். பிடித்த பிடி எனக்குத் தெரியவில்லை. அவன் கைச்சூடு தெரியவில்லை, கண்ணீர் தெரியவில்லை. என் பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறான், நான் எதிர் பெஞ்சில் இருக்கிற ஆளைப் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷமாக என்னை யாரும் இப்படித் தொட்டதில்லை. தொடும்போதும் அது பெயிண்டுக்குப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அந்தக் கால்ல எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. அது பைபர். இங்க வா, இந்தக் கால்ல பிடி," என்றேன் மகனிடம்.

ஐயருடைய மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. நாதஸ்வரக்காரர்கள்கூட என் காலைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மருமகள் சட்டென்று விலகி இடம் விட்டாள். அவன் முழங்காலாலேயே நகர்ந்து வந்து என் வலது காலைப் பிடித்தான். மூச்சு சுடச்சுடப் பாதத்தில் பட்டது, தாடி குத்தியது. நான் அவன் தலையில் கை வைத்தேன். அவன் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.